தேதி பார்த்தீங்களா?

டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிப்பதில் அப்படி என்ன கதை இருந்துவிடப் போகிறது? ஃபாரம், வரிசை, போட்டோ, கையெழுத்து, பணம் கட்டு, வீட்டுக்குப் போ. அவ்வளவுதானே? கரூர் அக்கா ஒருவரும் 2024 செப்டம்பர் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். (பெயர் வேண்டாம், அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.)

அக்கா இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், டல்லாஸை ஒட்டிய ஒரு புறநகரில். கணவர் ஈரோட்டுக்காரர். சாஃப்ட்வேர் வேலை, எச்-1பி விசா. அக்காவும் மகளும் எச்-4. அதாவது எச்-1பி வைத்திருப்பவரின் மனைவி, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் விசா. 2021 நவம்பரில் மூன்று பேரும் போய்ச் சேர்ந்தார்கள்.

அதற்கு முன்னால் அக்கா கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்த்தவர். படித்தது பி.காம். கரூரிலிருந்து போர்வை, திரைச்சீலை, மேஜை விரிப்பு, கிச்சன் டவல் எல்லாம் கன்டெய்னர் கன்டெய்னராக வெளிநாட்டுக்குப் போகும். அக்காவின் வேலை எல்.சி. பார்ப்பது. லெட்டர் ஆஃப் கிரெடிட் பற்றிப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் உயிரே தேதிகள்தான். சரக்கைக் கப்பலில் ஏற்றக் கடைசித் தேதி ஒன்று. எல்.சி. காலாவதியாகும் தேதி ஒன்று. யு.சி.பி. 600 விதிப்படி, சரக்கு ஏற்றிய 21 நாட்களுக்குள் பேப்பர்களை வங்கியில் கொடுத்தாக வேண்டும். அதுவும் எல்.சி. காலாவதியாவதற்குள். ஒரு நாள் தவறினாலும் வங்கி 'டிஸ்கிரிபன்சி' என்று எழுதித் திருப்பிவிடும். அப்புறம் வாங்குபவர் மனசு வைத்தால்தான் பணம்.

அந்த வேலையில் ஆறு வருடம். ஒரு தேதியைக்கூட அக்கா கோட்டை விட்டதில்லை. முதலாளி எந்த பேப்பரில் கையெழுத்துப் போடும் முன்பும் "தேதி பார்த்தீங்களாம்மா?" என்று கேட்பாராம். "பாத்துட்டேனுங்க சார்." தினமும் இதே கேள்வி, இதே பதில்.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

*

அமெரிக்கா போனதும் அக்காவுக்கு முதல் அடி, வேலை இல்லை. எச்-4ல் இருப்பவர் வேலை பார்க்க முடியாது. 2015ல் வந்த ஒரு விதிப்படி, கணவரின் கிரீன் கார்டு மனுவில் ஐ-140 என்ற கட்டம் தாண்டியிருந்தால் மனைவி வேலை அனுமதி கேட்கலாம். இவர்கள் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்கவில்லை.

இரண்டாவது அடி, பஸ் இல்லை. கரூரில் ஸ்கூட்டியில் பறந்தவர். டல்லாஸ் சுற்று வட்டாரத்தில் பல ஊர்களில் கார் இல்லாதவர் வீட்டுக்கைதிதான். பக்கத்திலேயே ஆர்லிங்டன் என்று ஒரு நகரம். கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அங்கே ஓடிய ஒரே ஒரு பஸ் ரூட்டையும் 2017ல் நிறுத்திவிட்டார்கள். இப்போது ஆப்பில் கூப்பிட்டால் வேன் வரும். நாலு லட்சம் பேர் ஊரிலேயே இந்த நிலை என்றால், சின்னப் புறநகரில் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

முதல் பத்து மாதம் கொத்தமல்லிக் கட்டு வாங்க வேண்டுமென்றாலும் கணவர் ஆபீஸ் விட்டு வர வேண்டும். அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் அக்கா ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டார்.

"அங்க பொழுது எப்படி கண்ணு போவுது?"

"போவுதும்மா. பாப்பா இருக்கறா இல்ல."

அதனால் அக்கா லைசென்ஸ் எடுப்பது என்று முடிவு செய்தார். இந்திய லைசென்ஸைக் காட்டி அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது. முதலிலிருந்து எல்லாம் எழுத வேண்டும், ஓட்ட வேண்டும். 30 கேள்விக்கு ஒரு பரீட்சை, 70 சதவீதம் எடுத்தால் பாஸ். அதில் அக்கா சுலபமாகத் தாண்டிவிட்டார். அப்புறம் போன் பார்த்துக்கொண்டு ஓட்டினால் என்ன ஆகும் என்று ஒரு மணி நேர வீடியோ. அதைப் பார்த்த சர்ட்டிபிகேட் இருந்தால்தான் ஓட்டிக் காட்டவே விடுவார்கள்.

ரோடு டெஸ்ட்டில்தான் வினை. டெக்சாஸில் பேரலல் பார்க்கிங் கட்டாயம். இரண்டு கம்பங்களுக்கு நடுவில் ரிவர்ஸில் காரைச் சொருக வேண்டும். முதல் முறை கம்பத்தில் இடித்தார், ஃபெயில். இரண்டாவது முறை பார்க்கிங் சரியாக வந்தது. ஸ்டாப் போர்டில் வண்டி முழுசாக நிற்கவில்லை, உருண்டுகொண்டே போனது என்று ஃபெயில். கரூரில் யார் ஸ்டாப் போர்டைப் பார்த்தார்கள்? வீட்டுக்கு வந்து அழுதார். "இதுக்கு எதுக்கு இந்த அழுகை? நாந்தான் கூட்டிட்டுப் போறனல்ல" என்று கணவர் சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானத்தில்தான் அக்காவுக்கு இன்னும் அழுகை வந்தது.

2022 செப்டம்பரில், மூன்றாவது முறை பாஸ். கார்டு வந்த அன்றைக்கு மகளைப் பின் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட்டு, தனியாக இந்தியக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய், கறிவேப்பிலை மட்டும் வாங்கி வந்தார். வீட்டில் கறிவேப்பிலை நிறைய இருந்தது. அது வேறு விஷயம்.

*

அந்தக் கார்டில் ஒரு வரி இருந்தது. 'லிமிடெட் டெர்ம்'. இது எங்கிருந்து வந்தது என்று ஒரு சின்ன பிளாஷ்பேக்.

அமெரிக்காவில் லைசென்ஸ் கொடுப்பது மாநிலங்கள். 1903ல் மாசசூசெட்ஸும் மிசௌரியும் முதலில் லைசென்ஸ் கட்டாயம் என்றன. டெக்சாஸ் 1935ல்தான் சட்டம் போட்டது. கடைசி மாநிலமான தெற்கு டகோடா 1954ல். கொடுக்கும் ஆபீஸுக்கும் மாநிலத்துக்கு ஒரு பெயர். எல்லோரும் பொதுவாக டி.எம்.வி. என்பார்கள். ஆனால் மாசசூசெட்ஸில் அது ஆர்.எம்.வி., ஓஹையோவில் பி.எம்.வி., இல்லினாயில் மாநிலச் செயலாளர் அலுவலகம். டெக்சாஸில் இன்னும் வேடிக்கை. அங்கே டி.எம்.வி. என்று ஒன்று நிஜமாகவே உண்டு, ஆனால் அது வண்டிப் பதிவுக்கு மட்டும். லைசென்ஸ் கொடுப்பது டி.பி.எஸ். என்ற பொதுப் பாதுகாப்புத் துறை. அக்கா முதல் தடவை தப்பான ஆபீஸுக்குப் போய் நின்றவர்தான்.

ரொம்ப நாள் வரை லைசென்ஸ் என்றால் வண்டி ஓட்டத் தெரியும் என்பதற்கான அத்தாட்சி மட்டும்தான். 2001 செப்டம்பர் 11 எல்லாவற்றையும் மாற்றியது. விமானங்களைக் கடத்திய 19 பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஏதோ ஒரு அமெரிக்க அடையாள அட்டை வாங்கியிருந்தார்கள் என்று விசாரணைக் கமிஷன் 2004ல் சொன்னது. அதைத் தொடர்ந்து 2005ல் 'ரியல் ஐ.டி.' சட்டம் வந்தது. இனி மாநில லைசென்ஸ் மத்திய அரசு ஒப்புக்கொள்ளும் அடையாளமாக இருக்க வேண்டுமென்றால், வைத்திருப்பவர் சட்டப்படி நாட்டில் இருக்கிறாரா என்று மாநிலம் சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டவருக்கு, அவர் தங்க அனுமதி உள்ள நாள் வரைதான் கார்டு செல்ல வேண்டும். 2008ல் அமலாக வேண்டியது தள்ளித் தள்ளிப் போய், விமான நிலையங்களில் 2025 மே 7ல்தான் அமலானது. ஆனால் மாநிலங்கள் அதற்கு ரொம்ப முன்னாலேயே கார்டுகளை மாற்றிவிட்டன.

ஆக, டெக்சாஸில் ஒரு குடிமகன் 33 டாலர் கட்டினால் 8 வருடத்துக்கு லைசென்ஸ். அதே 33 டாலர் கட்டும் எச்-4 அக்காவுக்கு, அனுமதி எவ்வளவு நாளோ அவ்வளவு நாள். முதல் கார்டு 2024 செப்டம்பர் 30 வரை. கணவரின் முதல் எச்-1பி முடியும் நாள் அது.

*

2024 ஆகஸ்டில் கணவரின் எச்-1பி நீட்டிப்பு ஒப்புதலானது. புதுத் தேதி 2027 செப்டம்பர் 30. அக்காவுக்கும் மகளுக்கும் எச்-4 ஒப்புதல் கடிதங்கள் வந்தன, அதே தேதி. அக்கா மூன்று கடிதங்களையும் ஃபைலில் போட்டு, மேலே பென்சிலில் '30-9-27' என்று எழுதி வைத்தார். பழைய எல்.சி. பழக்கம்.

அப்புறம் தங்கை கல்யாணத்துக்குக் கரூர் போனார்கள். சென்னையில் விசா முத்திரையும் வாங்கினார்கள். அதிலும் 2027. செப்டம்பர் நடுவில் திரும்பி வந்தார்கள். டல்லாஸ் விமான நிலையத்தில் குடியேற்ற கவுன்டர். மகள் தோளில் தூக்கம், கையில் முறுக்கு டப்பா, பெட்டி வேறு வரவில்லையே என்ற கவலை. அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, பேனாவால் ஏதோ எழுதிக் கொடுத்தார். வாங்கிப் பையில் போட்டாயிற்று.

செப்டம்பர் 26ம் தேதி லைசென்ஸ் புதுப்பிக்கப் போனார். லிமிடெட் டெர்ம் கார்டை நேரில்தான் புதுப்பிக்க வேண்டும். கண் பரிசோதனை, கட்டைவிரல் ரேகை, போட்டோ. பேப்பர்களைக் கொடுத்தார். உள்ளே இருப்பவர் 'சேவ்' என்ற மத்திய அரசு கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டுவார். இந்த ஆள் இன்ன தேதி வரை இருக்கலாம் என்று பதில் வரும். வந்தது. தற்காலிகமாக ஒரு காகித லைசென்ஸ் கொடுத்தார்கள். மடித்துப் பர்ஸில் வைத்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தபாலில் கார்டு வந்தது. போட்டோ எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு (சுமார்தான்), தேதியைப் பார்த்தார்.

2025 ஜூன் 19.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. 2027க்குப் பதில் 2025! செல்லுபடியாகும் காலம் ஒன்பது மாதம்கூட இல்லை. மனசிலேயே கணக்குப் போட்டுவிட்டார். குடிமகனுக்கு வருடத்துக்கு நாலு டாலர் சொச்சம், இவருக்கு வருடக் கணக்கில் 45 டாலர். பதினொரு மடங்கு!

"ஏனுங்க, இவங்களுக்கு ஒரு தேதிகூட ஒழுங்காப் போடத் தெரியாதுங்களா?"

"டைப் பண்றதுல தப்பு வுட்டுருப்பாங்க. போய்க் கேளு, மாத்திக் குடுப்பாங்க."

*

மறுநாள் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஃபைலோடு போனார் அக்கா. காலை எட்டு மணிக்கே வரிசை. கவுன்டரில் வயதான அம்மா ஒருவர், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அக்கா ஒப்புதல் கடிதத்தை நீட்டி, 2027 என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆங்கிலத்தில், கொஞ்சம் சத்தமாகவே, தேதி தப்பு என்றார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. கடிதத்தைப் படித்தார். திரையில் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார். "இந்தக் கடிதத்துக்கு அப்புறம் நீங்கள் வெளிநாடு போய் வந்தீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"அப்படியானால் இந்தத் தேதி நாங்கள் போட்டது இல்லை, ஹனி. உங்கள் ஐ-94 போட்டது. அதைப் பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்."

அந்த 'இன்றைக்கே'யை அவர் சொன்ன விதத்தில் அக்காவின் கோபம் எங்கோ போய்விட்டது.

ஐ-94 என்பது அமெரிக்காவுக்குள் நுழையும் வெளிநாட்டவரின் வருகைப் பதிவு. முன்பு பாஸ்போர்ட்டில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டாகக் குத்தித் தருவார்கள். விமானத்தில் வருபவர்களுக்கு 2013ல் அதை நிறுத்தி, கம்ப்யூட்டரில் மட்டும் பதிய ஆரம்பித்தார்கள். காகிதம் இருந்தபோது கண்ணில் பட்டது. இப்போது இணையதளத்தில் நாமாகப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. விசாவில் இருக்கும் தேதி, கதவைத் தட்ட அனுமதி உள்ள நாள். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்று சொல்வது ஐ-94. இரண்டும் ஒன்றல்ல. அதோடு, கடைசியாக வந்த ஐ-94தான் செல்லும். ஆகஸ்ட் கடிதத்தின் அடியில் 2027 என்று ஒரு ஐ-94 இருந்தது உண்மை. ஆனால் செப்டம்பரில் விமான நிலையத்தில் புதிதாக ஒன்று விழுந்ததும் அந்தப் பழையது போயிற்று.

பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து, போனில் பாஸ்போர்ட் எண்ணைத் தட்டினார் அக்கா. திரையில் வந்தது. தங்க அனுமதி: 2025 ஜூன் 19 வரை. பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து முத்திரையைப் பார்த்தார். நீல மையில், கையெழுத்தில், அதே தேதி. மூன்று வாரமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஏன் ஜூன் 19? முதல் பக்கத்தைத் திருப்பினார். அக்காவின் பாஸ்போர்ட், 2015ல் திருச்சியில் எடுத்தது. பத்து வருடம். முடியும் நாள் 2025 ஜூன் 19. பாஸ்போர்ட் செல்லும் நாளுக்கு மேல் அதிகாரி அனுமதி கொடுக்கவில்லை. மகளுக்குச் சிறுவர் பாஸ்போர்ட், ஐந்து வருடம்தான் என்பதால் கல்யாணத்துக்குப் போகும் முன்னாலேயே புதுசு எடுத்திருந்தார்கள். கணவர் பாஸ்போர்ட் 2029 வரை. அவர்கள் இருவருக்கும் 2027 விழுந்திருந்தது. வீட்டில் எல்லோருடைய தேதியையும் பார்த்துப் பார்த்துச் செய்த அக்கா தன் பாஸ்போர்ட்டை மட்டும் பார்க்கவில்லை.

"தேதி பார்த்தீங்களாம்மா?" என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

*

அன்றைக்கு ராத்திரி கணவர் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஏர்போர்ட்ல அதுக்குன்னு ஒரு ஆபீஸ் இருக்கு. தப்பைச் சொன்னா திருத்திக் குடுப்பாங்க" என்றார். அப்படி ஒரு இடம் உண்டு. ஆனால் அதிகாரி செய்த பிழையைத்தான் அங்கே திருத்துவார்கள். இது பிழையே இல்லை.

அக்கா ஒரு காலண்டரை எடுத்து வந்தார். இரண்டு பேரும் ஏற்கெனவே ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். 2026 பொங்கலுக்கு ஊருக்குப் போவது, ஜனவரி 10ம் தேதி கிளம்புவது. அக்கா ஜூன் 20லிருந்து ஒவ்வொரு மாதமாக எண்ணிக் கூட்டினார். 205 நாள்.

அமெரிக்கச் சட்டத்தில் அனுமதி முடிந்து 180 நாட்களுக்கு மேல் தங்கியவர் நாட்டை விட்டு வெளியே போனால் 3 வருடம் திரும்பி வர முடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம். தெரியாமல் தங்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பவும் வழி இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஓடாது. பெரியவர்களுக்கு ஓடும்.

கடிதத்தில் 2027. விசாவில் 2027. ஃபைல் மேலே பென்சிலில் 2027. கையில் ஒரு லைசென்ஸ் மட்டும் இல்லையென்றால், 2026 பொங்கலுக்கு அம்மா வீட்டில் கரும்பு கடித்துவிட்டு, திரும்ப விமானம் ஏறும்போதுதான் தெரிந்திருக்கும். கணவர் ஒரு நாட்டில், மனைவி ஒரு நாட்டில், ஏழு வயது மகள் எங்கே?

கணவர் வெகு நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நானாச்சும் பாத்துருக்கோணும்" என்றார்.

"இல்லைங்க. பாக்கறது என்ற வேலை."

*

அடுத்து என்ன? அக்கா கரூரில் பழகியபடி ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டார்.

இடது பக்கம்: புது பாஸ்போர்ட் எடுத்து, ஐ-539 என்ற மனு போட்டு, உள்ளேயே இருந்து நீட்டிப்பு கேட்பது. தபாலில் அனுப்பினால் கட்டணம் 470 டாலர். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். மனுவை நேரத்தோடு போட்டுவிட்டால் பதில் வரும்வரை நாட்டில் இருப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் லைசென்ஸ் கார்டு ஜூன் 19ல் செத்துவிடும். புதுப்பிக்கப் போனால் மறுபடி 'சேவ்' கம்ப்யூட்டர். அது என்ன சொல்லும், எப்போது சொல்லும்? அதுவரை கொத்தமல்லிக் கட்டுக்கு மறுபடி கணவரை எதிர்பார்க்க வேண்டும்.

வலது பக்கம்: புது பாஸ்போர்ட் எடுத்து, ஒரு முறை வெளிநாடு போய்த் திரும்பி வருவது. புது பாஸ்போர்ட்டும், 2027 விசா ஒட்டிய பழைய பாஸ்போர்ட்டும் சேர்த்துக் காட்டினால் புது ஐ-94 விழும். இந்தியா போக மூன்று டிக்கெட் கட்டுப்படியாகாது. டல்லாஸிலிருந்து மெக்சிகோவின் கான்கூன் மூன்று மணி நேரத்துக்குள். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோ தனியாக விசா கேட்பதில்லை. ஆனால் திரும்பி வரும்போது உள்ளே விடுவது எப்போதுமே அதிகாரி முடிவு.

பணக்கணக்குப் பார்த்தால் இடது பக்கம்தான் லாபம். கணவரும் அதைத்தான் சொன்னார். "நாலஞ்சு மாசந்தான? நான் கொண்டுபோய் உடறேன்."

"நீங்க கொண்டுபோய் உடுவீங்கன்னு எனக்குத் தெரியுங்க. அதுக்கு இல்லைங்க."

அவருக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. மூன்றாவது நாள் அவரே கான்கூன் டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்தார்.

ஹூஸ்டன் இந்தியத் தூதரகம் வழியாக டிசம்பரில் புது பாஸ்போர்ட் வந்தது. பழையதில் 'கேன்சல்டு' முத்திரை குத்தி, விசாப் பக்கத்தைத் தொடாமல் திருப்பித் தந்தார்கள். 2025 மார்ச்சில் மகளுக்கு ஸ்பிரிங் பிரேக். கான்கூனில் கடல் நல்ல நீலமாம். மகள் மணலில் கோவில் கட்டினாள், கணவர் நன்றாகத் தூங்கினார். அக்கா மூன்று நாளும் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. உள்ளே ஐந்து பாஸ்போர்ட், எல்லாக் கடிதங்களும் இரண்டிரண்டு காப்பி.

திரும்பி வரும்போது அதே விமான நிலையம், அதே கவுன்டர் வரிசை. இந்த முறை இளைஞர் ஒருவர். அக்கா இரண்டு பாஸ்போர்ட்டையும் கடிதத்தையும் சேர்த்து வைத்து, புது பாஸ்போர்ட் எடுத்திருப்பதையும் புது ஐ-94 வேண்டும் என்பதையும் சொன்னார். அவர் புரட்டினார், தட்டினார், முத்திரை குத்தினார், எழுதினார். அக்கா நகரவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. அங்கேயே நின்று, பாஸ்போர்ட்டைத் திறந்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். 2027 செப்டம்பர் 30.

"எல்லாம் சரியா, மேடம்?" என்றார் அதிகாரி.

"சரி, சார்."

பெட்டி வரும் இடத்துக்குப் போனதும் போனில் ஐ-94ஐயும் பார்த்தார். அதிலும் சரி. அப்புறம்தான் மகளை பாத்ரூம் கூட்டிப் போனார்.

*

மே மாதம் மறுபடி லைசென்ஸ் ஆபீஸ். மறுபடி 33 டாலர், கட்டைவிரல், கண் பரிசோதனை, போட்டோ. ஃபாரத்தில் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று ஒரு கேள்வி வரும். 1993ல் வந்த 'மோட்டார் வோட்டர்' சட்டத்தின் உபயம். அங்கே வேகத்தில் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டுப் பின்னால் தவித்த வெளிநாட்டவர்கள் உண்டு. அக்கா ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்தார்.

கண்ணாடிச் சங்கிலி அம்மா வேறு கவுன்டரில் இருந்தார். வேலை முடிந்ததும் அக்கா அங்கே போய் நின்றார். அவருக்கு ஞாபகம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறாரோ. அக்டோபரில் வந்ததையும், 'இன்றைக்கே பாருங்கள்' என்று சொன்னதையும், 205 நாள் கணக்கையும் அக்கா சொன்னார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இங்கே எல்லோரும் என்னிடம் கத்தத்தான் வருவார்கள்" என்றார். அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

போனில் கேட்டதும் கரூர் அம்மா, "அந்தப் புண்ணியவதிக்கு ஒரு நல்ல பட்டுச்சேலை எடுத்துக் குடு கண்ணு" என்றார். அரசு ஊழியருக்குச் சேலை கொடுத்தால் வேறு கேஸ் ஆகிவிடும் என்று சொல்லிப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி வாசலில், பிள்ளைகள் வெளியே வரும்வரை அம்மாக்கள் காத்திருப்பார்கள். அக்கா அங்கே யாரையாவது புதிதாகப் பார்த்தால் பெயர் கேட்பார், ஊர் கேட்பார், மூன்றாவதாக ஐ-94 பார்த்தீர்களா என்று கேட்பார். முதலில் சிரித்தார்கள். ஒரு வாரம் சேலத்துப் பெண் ஒருவர் அங்கேயே நின்று போனில் பார்த்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். 40 நாள்தான் மிச்சம் இருந்தது. அதற்கப்புறம் யாரும் சிரிப்பதில்லை.

அக்காவின் இப்போதைய கார்டில் 2027 செப்டம்பர் 30 என்று இருக்கிறது. ஆபீஸ்காரர்களைத் திட்டுவதை அவர் நிறுத்திவிட்டார். போட்டோ மட்டும் இந்த முறையும் சுமார்தான்.

பி.கு: வெளிநாட்டில் படிக்கப் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு. பாஸ்போர்ட் முடிய ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தால் கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். ஒவ்வொரு முறை நாட்டுக்குள் நுழைந்ததும், பெட்டி வருவதற்குள் அந்தத் தேதியைப் பாருங்கள்.